எண்பது பேர் ஊர்

போன ஞாயிற்றுக்கிழமை பையன் என் லேப்டாப்பை எட்டிப் பார்த்துவிட்டு, "என்னப்பா, கருப்புத் திரையில வெறும் எழுத்தா ஓடுது? பேங்க் சர்வர் படுத்துடுச்சா?" என்றான். "கேம்டா" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தான். தங்கமணியும் சேர்ந்துகொண்டார். ஆகவே, கொஞ்சம் கொசுவத்தி சுற்றிக்கொள்கிறேன். பொறுத்தருள்க.

பி.காம் முடித்து, பரீட்சை எழுதி, 2003-ல் வங்கியில் சேர்ந்தேன். முதல் போஸ்டிங் நாக்பூர். ஹிந்தி தோடா தோடா, மராத்தி சுத்தம். சாயங்காலம் கிளையை விட்டு வந்தால் பேச ஆளில்லை. பக்கத்துத் தெரு பிரவுசிங் சென்டரில் போய் உட்காருவேன். அங்கேதான் டிஸ்க்வேர்ல்ட் மட் பிடித்துக்கொண்டது. டெர்ரி பிராட்செட்டின் நாவல் உலகத்தை வைத்து 1991-லிருந்து ஓடும் விளையாட்டு. படமெல்லாம் கிடையாது. வடக்கே போ, பார், சொல் என்று ஆங்கிலத்தில் தட்டினால் தெருவும் கடையும் எழுத்தாக விரியும். சென்டரின் ஆமை வேக இணைப்புக்கு அதுதான் தோது. இந்த வகைக்கே மூதாதை, 1978-ல் இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷா தொடங்கி ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்த 'மட்'.

உள்ளே யார் யார் என்று கேட்டால் பட்டியல் வரும். நான் போகும் நேரத்தில் எண்பது பெயர் இருந்தாலே கூட்டம்.

2005 ஜனவரியில் ஒரு மாலை ஊரிலிருந்து போன். அப்பா போய்விட்டார். மறுநாள் காலைதான் ரயில். அறைக்குப் போகப் பிடிக்காமல் சென்டருக்குப் போனேன். விளையாட்டில் மெண்டட் டிரம் என்று ஒரு மதுக்கடை உண்டு. அங்கே நுழைந்து, அப்பா இறந்துவிட்டார் என்று மட்டும் தட்டினேன். ஐந்து பேர் இருந்தார்கள். ஒருவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததாகத் திரையில் ஒரு வரி வந்தது. பிறகு இன்னொருவர். பிறகு மற்றவர்களும். வெகுநேரம் யாரும் ஒன்றும் எழுதவில்லை. யாரும் எழுந்தும் போகவில்லை. கடைக்காரர் ஷட்டரை இறக்கும்வரை அப்படியே இருந்தோம்.

இருபது நாள் கழித்துத் திரும்பினேன். கிளையில் விடுப்புக் கணக்கைக் கேட்டார்கள். அந்த ஐவரில் ஒருவர், "அம்மா சாப்பிடுகிறாரா?" என்று கேட்டார். அவர் எந்த நாடு, ஆணா பெண்ணா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

பழைய விளையாட்டுகளை ஏன் சிலர் விடுவதில்லை என்று கேட்டால் இதுதான் என் பதில். லட்சம் பேர் கூட்டத்தில் ஒருவன் வராவிட்டால் யாருக்கும் தெரியாது. எண்பது பேரில் தெரியும். 1996-ல் வந்த மெரிடியன் 59-ஐ, நடத்திய நிறுவனம் 2000-ல் மூடியது. அதை உருவாக்கியவர்களில் சிலரே 2002-ல் மறுபடி திறந்தார்கள். ரூன்ஸ்கேப்பின் 2007-ம் வருஷப் பதிப்பே திரும்ப வேண்டும் என்று 2013-ல் 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாக்களித்து வாங்கிக்கொண்டார்கள். விட்டுப்போன தெருவைத் திரும்பக் கேட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

பையன் ஆடும் ஆட்டத்தில் நூறு பேர் குதிக்கிறார்கள், அரை மணியில் முடிந்துவிடுகிறது. கூட ஆடுவது அவனுடைய பள்ளித் தோழர்கள்தான், குறை சொல்லமாட்டேன். மற்ற தொண்ணூற்றுச் சொச்சம் பேரை அவன் மறுபடி பார்க்கப்போவதில்லை.

கல்யாணம், டிரான்ஸ்ஃபர் என்று நானும் பல வருஷம் அந்தப் பக்கம் போகவில்லை. பழைய கடவுச்சொல் மறந்தே போச்சு. இரண்டு வருஷம் தொடாத கணக்கைச் செயல்படாத கணக்கு என்று ஒதுக்கும் உத்தியோகம் எனக்கு. யாரைக் குறை சொல்ல? :-) புதுப் பெயரில் நுழைந்தேன். தெருக்கள் விரலுக்கு நினைவிருந்தன. பத்து நிமிஷத்தில் முன்பின் தெரியாத ஒருவர், "புதுசா? வெளிச்சம் இருக்கா?" என்று கேட்டு ஒரு தீப்பந்தத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். பையன் சிரித்தது அப்போதுதான்.

அடுத்த மாதம் அவன் காலேஜுக்கு வேறு ஊர் போகிறான். பாஷை தெரியாத ஊர். விடுதியிலோ விளையாட்டிலோ, தேவைப்படும் நாளில் அவன் பக்கத்தில் ஒருத்தர் வந்து உட்கார வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஊரை விட்டு வந்த புதிதில் உங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது யார்?