எல்லை வரைந்த இருவர்

திருத்தணி மலைப்படிகளில் தமிழும் தெலுங்கும் கலந்தே ஒலிக்கும். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி சுமந்து வருவோரில் இரு மொழியினரும் உண்டு. வடக்கே சில கல் தொலைவில் ஆந்திர எல்லை. அவ்வெல்லையின் வரலாற்றை அறிய விழைவோர் இருவரை ஒருசேர நினைத்தல் வேண்டும். ஒருவர் பொட்டி ஸ்ரீராமுலு, மற்றொருவர் ம.பொ.சிவஞானம்.

இருவரும் சென்னையில் பிறந்தவர்கள். 1901இல் பிறந்த ஸ்ரீராமுலு, பம்பாயில் பொறியியல் பயின்று இரயில்வே பணியில் அமர்ந்தார். மனைவியை இழந்தபின் பணியைத் துறந்து சபர்மதி ஆசிரமம் சேர்ந்தார். 1906இல் பிறந்த ம.பொ.சி., வறுமையால் மூன்றாம் வகுப்போடு பள்ளியை நீங்கி, அச்சுக்கோக்கும் தொழிலாளியானார். இருவரும் விடுதலைப் போரில் சிறை சென்றவர்களே. விடுதலைக்குப்பின் மொழிவழி மாநிலக் கோரிக்கை அவர்களை எதிரெதிரே நிறுத்தியது.

ஸ்ரீராமுலு மிகுதியும் பேசாதவர். தம் உடலையே ஆயுதமாக்கியவர். ஆந்திர மாநிலம் வேண்டி 1952 அக்டோபர் 19 அன்று மயிலாப்பூரில் உண்ணாநோன்பு தொடங்கினார். 58ஆம் நாள் உயிர்நீத்தார். தெலுங்கு மாவட்டங்களில் கலவரம் மூண்டது. நான்கே நாள்களில் புதிய மாநிலம் அமையும் என்று பிரதமர் நேரு அறிவித்தார். 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திரம் பிறந்தது. திருத்தணியை உள்ளடக்கிய சித்தூர் மாவட்டம் அதனோடு சென்றது.

ம.பொ.சி.யின் ஆயுதம் சொல். 1946இல் அவர் தோற்றுவித்த தமிழரசுக் கழகம், சென்னை தமிழர்க்கே உரியது என வாதிட்டு வென்றது. வடக்கெல்லை ஊர்களில் தமிழ் கற்பித்து வந்த ஆசிரியர் மங்கலங்கிழாருடன் இணைந்து அவர் எல்லை மீட்புக்குப் போராடினார். மீண்டும் சிறை சென்றார். படாஸ்கர் பரிந்துரையின்படி 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி தமிழகத்துக்குத் திரும்பியது. அவர் வேண்டிய திருப்பதி கிடைக்கவில்லை. சில ஊர்களை ஆந்திரத்துக்குத் தரவும் நேர்ந்தது.

ஒருவரின் ஈகம் நாட்டை உலுக்கி ஒரு மாநிலத்தைப் படைத்தது. எனினும் எல்லைச் சிக்கலை அது தீர்க்கவில்லை. மற்றவரின் விடாமுயற்சி அச்சிக்கலைப் பேச்சுக்குக் கொணர்ந்தது. எனினும் கேட்டதில் ஒரு பகுதியையே பெற்றது. தம்மையே தருவதும் தலைமை. தாம் கேட்டது முழுதும் கிட்டாதபோதும் கிட்டியதைக் காப்பதும் தலைமை.

நெல்லூர் மாவட்டம் இன்று ஸ்ரீராமுலுவின் பெயரைத் தாங்குகிறது. ம.பொ.சி.யின் நினைவைத் திருத்தணி தாங்குகிறது. தம் மொழியை நேசித்தவன் அயலான் தன் மொழிமீது கொண்ட நேசத்தையும் உணரவல்லான். இரு மொழியினரும் ஒரே படியில் ஏறும் அம்மலை இதனை நாள்தோறும் மெய்ப்பிக்கிறது.