வேஷம் போட்ட யந்திரம்

வேஷம் என்பது நாடக மேடைக்கு மட்டும் உரியது என்று நாம் வெகுகாலம் நம்பியிருந்தோம். கம்ப்யூட்டருக்கும் வேஷம் போடலாம் என்பதையும், அதனால் வீட்டில் என்ன விபரீதம் விளையும் என்பதையும் பின்னால்தான் அறிந்தோம்.

2014-ஆம் வருஷம் ஏப்ரல் 8-ஆம் தேதியோடு 'விண்டோஸ் எக்ஸ்பி'க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது நின்றது. நம் வீட்டு யந்திரமோ பழசு. புதிய விண்டோஸின் பளுவை அது தாங்காது. வேறு யந்திரம் வாங்க உபாத்தியாயர் சம்பளத்தில் அப்போது இடமில்லை. ஆகவே, 1991-ல் பின்லாந்து தேசத்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸை அதில் குடியேற்றினோம். விலை ஒன்றும் இல்லை.

ஆனால் தகப்பனார்? எழுபது வயதுக்குமேல், மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து அந்த யந்திரத்தைக் கற்றுக்கொண்டவர் அவர். கீழே நீலப் பட்டை, இடது மூலையில் பச்சைப் பொத்தான், பின்னால் பசும்புல் மேடும் நீல வானமும் இருந்தால்தான் அவருக்கு அது கம்ப்யூட்டர். ஓர் இரவு கண்விழித்து லினக்ஸுக்கு அந்த அலங்காரம் அத்தனையும் செய்து முடித்தோம். அவர் பழகியிருந்த தமிழ்த் தட்டச்சுச் செயலி விண்டோஸுக்கென்றே செய்யப்பட்டது. அதற்காக 'வைன்' என்பதையும் அமர்த்தினோம். 1993-ல் தொடங்கிய இந்த ஏற்பாடு ஒரு துபாஷியைப் போன்றது. விண்டோஸ் செயலி கேட்பதை லினக்ஸின் பாஷையில் மாற்றிச் சொல்லும். சாதாரணக் கோப்புறை ஒன்றைக் காட்டி, 'இதுதான் சி டிரைவ்' என்று நம்பவும் வைக்கும்.

காலையில் தகப்பனார் உட்கார்ந்து பார்த்தார். "இன்றைக்குச் சுருக்காக ஓடுகிறதே!" என்று மெச்சினார். நாம் வாய் திறக்கவில்லை.

மூன்றாம் நாள், பென்ஷன் பாக்கி சம்பந்தமாக அவர் ஒரு மனு எழுதவேண்டியிருந்தது. கடிதம் எழுதும் செயலி லினக்ஸினுடையது. தட்டச்சுச் செயலியோ வைனுக்குள் இருந்தது. துபாஷியின் அதிகாரம் அவனுடைய அறைக்குள்தானே செல்லும்? அடித்ததெல்லாம் பொருளற்ற ஆங்கில எழுத்துக்களாக விழுந்தன. பள்ளிக்கூடத்திலிருந்து நாம் திரும்பியபோது அவர் யந்திரத்தின் முன் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்.

"எல்லாம் மறந்து போய்விட்டது, அப்பா. எனக்கு அறிவு மங்குகிறது போலிருக்கிறது" என்றார்.

நமக்குத் தூக்கிவாரிப் போட்டது. நடந்ததையெல்லாம் ஒப்புக்கொண்டோம். சற்று நேரம் மௌனமாயிருந்துவிட்டு அவர் சொன்னார்: "ராஜா வேஷக்காரனைப் பார்த்து ரசிக்கலாம். அவனிடம் மனுக் கொடுக்கலாமா?"

பிரதி செய்வது ஒன்றும் இவ்வுலகில் புதிதல்ல. 1973-ல் ஸெராக்ஸ் கம்பெனியின் ஆராய்ச்சிசாலையில் பிறந்த 'ஆல்டோ' யந்திரத்தில் ஜன்னல்களும் சுட்டெலியும் இருந்தன. 1979-ல் ஸ்டீவ் ஜாப்ஸ் அங்கே சென்று அந்த வித்தையைக் கண்டார். 1984-ல் ஆப்பிளின் 'மெக்கின்டோஷ்' வந்தது. மறு வருஷம் மைக்ரோஸாப்டின் விண்டோஸ் வந்தது. தன் தோற்றத்தைக் கவர்ந்துவிட்டதாக 1988-ல் மைக்ரோஸாப்டின் மேல் ஆப்பிள் வழக்குத் தொடுத்தது. 1989-ல் ஸெராக்ஸோ ஆப்பிளின் மேலேயே வழக்குத் தொடுத்தது! வழக்காடிய இருவருக்கும் வெற்றி கிட்டவில்லை.

அவர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்றார்கள். ஆயினும் தம் சரக்கைத் தம் பெயரிலேயே விற்றார்கள். நாமோ பெயரையும் முகத்தையும் மறைத்தோம். அந்நியர் உடையில் நின்றால்தான் மதிப்பு என்று எண்ணிய காலம் நம் தேசத்துக்கும் இருந்தது. அதைக் குற்றமென்று வகுப்பில் போதிக்கும் நாம், வீட்டில் அதையே செய்தோம். அதைவிடப் பெரிய குற்றம், கற்கும் சக்தி தகப்பனாருக்கு இராது என்று நாமாகவே தீர்மானித்தது.

அன்றிரவே வேஷத்தைக் கலைத்தோம். தட்டச்சு முறையிலேயே அமைந்த தமிழ் விசைப்பலகை லினக்ஸுக்கென்று தனியாகவே இருந்தது. முதலிலேயே தேடியிருந்தால் துபாஷியே வேண்டியதில்லை. தகப்பனார் ஒரு வாரத்தில் பழகிக்கொண்டார். மனுவின் கடைசி வரியை அடித்துவிட்டுத் திரையை உற்றுப் பார்த்தார்.

"இதன் சொந்த முகம் இதுதானா? லக்ஷணமாகத்தானே இருக்கிறது! இதை எதற்காக மறைத்தாய்?" என்றார்.