நாற்பது முறை செத்த அக்காவும், கற்றுக்கொடுத்த தம்பியும்!

"மறுபடியும் செத்துட்டியா அக்கா?"

செகண்ட் ஷிஃப்ட் முடிந்து ஒரகடத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் ஸ்ரீபெரும்புதூர் வந்து இறங்கும் தம்பி, வீட்டுக்குள் நுழைந்ததும் கேட்கும் முதல் கேள்வி இதுதான். அவனுக்காகக் காத்திருக்கும் நேரத்தில் நான் மொபைலில் 'டெட் செல்ஸ்' ஆடிக்கொண்டிருப்பேன். நாற்பது முறையாவது செத்திருப்பேன்.

பிரான்ஸின் மோஷன் ட்வின் நிறுவனம் 2018-ல் முழுமையாக வெளியிட்ட கேம் இது. 1980-ல் வந்த 'ரோக்' என்ற கேமின் பெயரால் இந்த வகைக்கே 'ரோக்லைக்' என்று பெயர். பரமபதத்தில் பாம்பு கடித்தால் கீழே இறங்குவோம். இதில் செத்தால் முதல் கட்டத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். கையிலிருந்த ஆயுதம் போய்விடும். வந்த பாதையும் மாறிவிடும். ஆனால், எதிரிகள் தாக்கும் விதம் மாறாது.

"நீ உன் கத்தியையே பார்க்குற. அவனைப் பாரு. அடிக்கிறதுக்கு முன்னாடி தலைக்கு மேல ஆச்சரியக்குறி வரும். அப்ப உருண்டுடு" என்றான் தம்பி, ரசம் சாதத்தைப் பிசைந்தபடியே.

அன்றிரவே முதன்முறையாக கறுப்புப் பாலம் வரை போனேன். அங்கிருந்த காவலனிடம் செத்தேன். ஆனால், ஏன் செத்தேன் என்று தெரிந்தது. எரிச்சலே வரவில்லை!

"இவ்வளவு பொறுமையா சொல்லித்தர எங்கடா கத்துக்கிட்ட?" என்று கேட்டேன்.

போன வருடம் அவன் டிரெய்னியாகச் சேர்ந்த புதிதில், லைன் ஓடும் வேகத்துக்குக் கை ஓடவில்லை. தினமும் திட்டு. "நாளையிலிருந்து போகல" என்று ஒருநாள் சுவர்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். வீட்டு வாடகையில் பாதி அவன் சம்பளம். பயத்தில், "எல்லாரும் செய்யலையா, உனக்கு மட்டும் என்ன?" என்று கத்திவிட்டேன். மறுநாள் ஒரு சீனியர் அண்ணன் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "போல்ட் எடுக்க ஒவ்வொரு தடவையும் உடம்பையே திருப்புற. டிரேயை இந்தப் பக்கம் வெச்சுக்கோ" என்றாராம். அவ்வளவுதான். ஒரு வாரத்தில் கை பழகிவிட்டது.

"அவர் சொன்ன மாதிரிதான் உனக்குச் சொன்னேன்" என்றான்.

சுருக்கென்றது. கேமில் தோற்றால் பத்து நிமிடம்தான் நஷ்டம். மெஷின் முன்னால் தவறினால் விரலோ, வேலையோ போய்விடும். இரண்டும் ஒன்றல்ல. ஆனால், கஷ்டமாக இருப்பதால் மட்டுமே யாரும் விட்டுவிட்டுப் போவதில்லை. எங்கே தவறுகிறோம் என்று தெரியாதபோதுதான் மனம் விட்டுப்போகிறது. அதைக் காட்டித்தர ஓர் ஆள் வேண்டும். அன்றைக்கு அந்த ஆளாக நான் இல்லை.

"அன்னிக்கு அப்படிக் கத்தியிருக்கக் கூடாதுடா" என்றேன்.

"அதை விடுக்கா, இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்து" என்றான்.