மலைக்கும் உண்டோ பூட்டு?

(மூன்றாம் ஆண்டு, சிவில்)

நிலவுக்கு வாடகை இல்லை, தென்றலுக்குக் கட்டணம் இல்லை என்று நாம் பேச்சுப் போட்டிகளில் முழங்குகிறோம். கைதட்டலும் வாங்குகிறோம். ஆனால் நண்பர்களே, தென்றல் வரும் வழியில் வேலி போட்டவர் யார்? மலை எல்லோருக்கும் பொது என்றால், அதன் அடிவாரத்தில் 'உள்ளே வராதே' என்ற பலகை எதற்கு? இந்தக் கேள்வியை எனக்குள் விதைத்தது, நான் காலடி வைத்தே அறியாத ஒரு மலைநாடு. இங்கிலாந்தின் நடுப்பகுதியில் உள்ள பீக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்கா!

'போகாத ஊருக்கு வழி சொல்ல வந்துட்டாளே' என்று சிரிக்காதீர்கள். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா தார் ரோடு போடும் கூலித் தொழிலாளி. அம்மா நூல் மில்லில் ஷிப்டு வேலை. வெளிநாடு என்பது எங்கள் தெருவில் தலைக்கு மேலே பறக்கும் விமானம் மட்டும்தான். நெடுஞ்சாலைப் பொறியியல் வகுப்பில், மலையிடம் தோற்று மூடப்பட்ட ஒரு சாலையைப் பற்றி எங்கள் சார் சொன்னார். அந்தச் சாலையை நூலகத்திலும் செல்போனிலும் தேடப் போய், மலையையே சுற்றிவிட்டு வந்தேன். நீங்களும் வாருங்கள்!

நடுங்கும் மலை

கேசில்டன் என்ற சிற்றூருக்கு மேலே 517 மீட்டர் உயரத்தில் நிற்கிறது மாம் டார். அதன் செல்லப்பெயர் 'நடுங்கும் மலை'. மணற்கல்லும் ஷேல் என்னும் மெலிந்த களிப்பாறையும் அடுக்கடுக்காக அமைந்த மலை அது. மழைநீர் உள்ளே இறங்கினால் ஷேல் இளகிவிடும். மேலே இருப்பது சரியும். சுமார் நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய சரிவு இன்றும் ஓயவில்லை. மழை மிகுந்த காலத்தில் இன்னும் கொஞ்சம் நகர்கிறது.

அந்தச் சரிவின் மீதே 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரோடு போட்டார்கள். அது விரிசல் விட விட, மேலே மேலே ஒட்டுப் போட்டார்கள். 1979இல் இனி முடியாது என்று நிரந்தரமாக மூடிவிட்டார்கள். இன்று அந்த உடைந்த ரோட்டின் மேல் மக்கள் நடந்து போய்ப் பார்க்கிறார்கள். பிளந்து கிடக்கும் இடத்தில், வெட்டிய கேக் மாதிரி தார் அடுக்குகள் தெரிகின்றன.

படத்தை அப்பாவிடம் காட்டினேன். கண்ணைச் சுருக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். "அடியில தண்ணி நிக்குது. அத வெளிய விடாம மேல எத்தன தடவ தார் ஊத்துனாலும் நிக்காதும்மா" என்றார். வடிகால் பற்றி நாங்கள் படித்த அத்தியாயம் முழுவதும் அந்த ஒரு வரியில் அடங்கிவிட்டது!

காற்று வாசல்

அருகிலேயே இருக்கிறது வின்னட்ஸ் பாஸ். 'காற்று வாசல்' என்று பொருள்படும் பெயர். இருபுறமும் செங்குத்தான சுண்ணாம்புப் பாறைகள். நடுவே மூச்சு வாங்க வைக்கும் ஏற்றம். இந்தப் பாறை பிறந்தது கடலுக்கடியில் என்றால் நம்புவீர்களா? சுமார் 34 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்த நிலம் பூமத்திய ரேகைக்கு அருகில், வெதுவெதுப்பான கடலுக்குள் இருந்தது. அந்தக் கடல்வாழ் உயிர்களின் ஓடுகள்தான் இன்று பாறையாக நிற்கின்றன. குளிரில் நடுங்கும் இங்கிலாந்தும் ஒரு காலத்தில் நம்மைப் போல வெயில் காய்ந்ததுதான்!

சுண்ணாம்புக் கல்லைத் தண்ணீர் கரைக்கும். அதனால் கேசில்டனைச் சுற்றிலும் குகைகள். ஸ்பீட்வெல் குகைக்குப் பழைய ஈயச் சுரங்கத்தின் வழியே படகில் போக வேண்டும். இன்னொரு குகையில் ஊதாவும் மஞ்சளும் பட்டை பட்டையாகக் கலந்த 'புளூ ஜான்' என்ற கல் கிடைக்கிறது. பீக் கேவர்ன் குகையின் வாய் அவ்வளவு பெரியது. கயிறு திரிக்கும் தொழிலாளர்கள் பல தலைமுறையாக அதற்குள் வேலை செய்தார்கள். குடிசை போட்டு வாழ்ந்தார்கள். சுற்றுலாப் பயணிகளுக்கு அது அதிசயம்; அவர்களுக்கு அது வீடு!

மேலே பாயும் அருவி

பூங்காவின் தென்பகுதி வெள்ளைச் சுண்ணாம்பு என்றால், வடபகுதி கருமை. அங்கே சொரசொரப்பான மணற்பாறை. அதன் மேல் 'பீட்' என்னும், தண்ணீரைக் குடித்து வைத்திருக்கும் கரிய மண். இந்தப் பூங்காவிலேயே உயரமான கிண்டர் ஸ்கௌட் (636 மீட்டர்) இங்குதான் இருக்கிறது. அதன் விளிம்பிலிருந்து சுமார் 30 மீட்டர் விழுகிறது கிண்டர் டவுன்ஃபால் அருவி. மேற்கிலிருந்து பலமாகக் காற்றடித்தால் விழ வேண்டிய தண்ணீர் திரும்பி மேலே பறக்கும். பல மைல் தூரத்திலிருந்து பார்த்தால் மலை உச்சியில் புகை எழுவது போல இருக்கும். கடுங்குளிரில் அருவியே உறைந்து பனிக்கட்டித் தூணாக நிற்கும்.

இந்த அழகுக்குத்தான் நண்பர்களே, பூட்டுப் போட்டிருந்தார்கள்!

நானூறு பேர்

மலைக்கு ஒரு பக்கம் மான்செஸ்டர், மறுபக்கம் ஷெஃபீல்டு. பஞ்சாலையும் இரும்பாலையும் நிறைந்த நகரங்கள். வாரம் முழுக்கப் புகையில் உழைத்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் நல்ல காற்று வேண்டியிருந்தது. ஆனால் கிண்டர் ஸ்கௌட் மலையோ டெவன்ஷயர் பிரபு முதலான நிலவுடைமையாளர்களின் கையில் இருந்தது. ஆண்டில் சில நாட்கள் 'கிரவுஸ்' என்ற காட்டுப் பறவையைச் சுட்டு விளையாடுவதற்காக, ஆண்டு முழுவதும் காவல் போட்டிருந்தார்கள்.

1932 ஏப்ரல் 24. ஹேஃபீல்டு ஊரருகே ஒரு கல்குவாரியில் இளைஞர்களும் இளம்பெண்களும் சுமார் நானூறு பேர் கூடினார்கள். பாறை மேல் ஏறிப் பேசியவர் பென்னி ராத்மன். வயது இருபது! குடும்ப வறுமையால் சின்ன வயதிலேயே படிப்பை விட்டு மோட்டார் தொழிலுக்குப் போனவர். பாட்டுப் பாடிக்கொண்டே மலையேறினார்கள். காவலாளிகளோடு கைகலப்பு ஏற்பட்டது. இறங்கி வந்தபோது போலீஸ் காத்திருந்தது. கலகம் செய்ததாக வழக்கு. இருபதை ஒட்டிய வயதுடைய ஐந்து பேருக்கு இரண்டு முதல் ஆறு மாதம் வரை சிறை!

இந்தக் கதையைச் சொன்னபோது நைட் ஷிப்டு முடிந்து வந்த அம்மா கேட்டார்: "மலையில நடந்ததுக்கா ஜெயிலு?" அப்புறம், "அந்த மில்லுக்காரப் பொண்ணுங்களும் போனாங்களா?" "போனாங்கம்மா" என்றேன். வேறொன்றும் பேசவில்லை.

அந்த ஒரு நாள் நடையால் மட்டுமே எல்லாம் மாறிவிடவில்லை. அதற்கு முன்பும் பின்பும் பலர் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 1949இல் தேசியப் பூங்காக்களுக்கான சட்டம் வந்தது. 1951இல் பிரிட்டனின் முதல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது இதே பீக் டிஸ்ட்ரிக்ட். 2000ஆம் ஆண்டுச் சட்டம், திறந்த மலைவெளிகளில் நடக்கும் உரிமையை எல்லோருக்கும் தந்தது. 2002இல், எழுபதாம் ஆண்டு விழாவில், அன்றைய டெவன்ஷயர் பிரபு தம் தாத்தா செய்ததற்காக மன்னிப்புக் கேட்டார். அதைக் கேட்கப் பென்னி இல்லை. சில மாதங்களுக்கு முன்புதான் காலமாகியிருந்தார்.

பாதையான தரைக்கற்கள்

ஆலைப் புகையும் அமில மழையும் அந்த மலையின் செடிகளை அழித்து, பீட் மண்ணை அரித்துவிட்டன. இப்போது பாசிகளை நட்டு மண்ணைக் காப்பாற்றி வருகிறார்கள். மலைமேல் நடப்பவர்களின் காலடியிலும் அந்த மண் கரைந்தது. அதற்குச் செய்த வேலைதான் என்னை அசத்தியது. மூடப்பட்ட பழைய ஆலைகளின் தரையிலிருந்து பெயர்த்த கற்பலகைகளை ஹெலிகாப்டரில் தூக்கி வந்து, மலைப்பாதைகளில் பதித்தார்கள். யார் யாரோ ஷிப்டு ஷிப்டாக நின்று கால் கடுத்த கற்கள் இன்று மேகத்துக்கு நடுவே கிடக்கின்றன!

எங்கள் வகுப்பில் மலை அணைக்கட்டுக்கு சைட் விசிட் அறிவித்தபோது, "பொட்டப்புள்ளைக்கு மலையில என்ன வேலை? சிவில் படிக்க விட்டதே பெருசு" என்றார் பெரியப்பா. அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அம்மாதான் ஃபாரத்தை வாங்கி, எழுத்துக்கூட்டிப் படித்து, கையெழுத்துப் போட்டார். "அந்தப் புள்ளைங்க ஜெயிலுக்குப் பயப்படாம போச்சுங்க. நீ பஸ்ஸுலதான போற? போயிட்டு வா" என்றார்.

நண்பர்களே! மாம் டாரும் வின்னட்ஸ் பாஸும் கிண்டர் அருவியும் இயற்கை தந்த கொடை. ஆனால் அங்கே போகும் வழி, மனிதர்கள் கேட்டு வாங்கியது. நாளை நாம் பொறியாளர்களாகிச் சாலை போடுவோம், பாலம் கட்டுவோம். எந்த வேலியை வரைபடத்தில் வரையும் முன்பும், அதற்கு வெளியே நிற்கப் போவது யார் என்று ஒரு நிமிடம் யோசிப்போம்!