ஒரு தேக்கரண்டி இடம்

மொறிஸ் மைனர் என்னும் கார் 1948 இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. அதனை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ், உற்பத்தி தொடங்கும் தறுவாயில், மாதிரி வண்டி ஒடுங்கித் தோன்றுகின்றதெனக் கண்டு அதனை நெடுக்காக இரண்டாய் அறுப்பித்து நடுவில் நான்கு அங்குலம் கூட்டிவைத்தார் என்பது மோட்டார் வரலாற்றில் பலரும் அறிந்த செய்தி. பிறக்குமுன்னரே அறுத்து ஒட்டப்பட்ட வண்டியை அறுபது ஆண்டுகளின் பின் இன்னொருவன் மாற்ற முற்படுவது தகாத செயலென்று எளிதிற் கூறுவதற்கில்லை. ஆயினும் கோண்டாவிலில் ஒரு வீட்டில் இவ்வழக்கு நான்காண்டுகள் நடந்தது.

வீட்டுத் தலைவர் வாடகைக் கார் ஓட்டி முதுமை எய்தியவர். 1959 ஆம் ஆண்டு வண்டியொன்றை 1974 இல் வாங்கி, அதனையே தொழிலாகவும் துணையாகவும் கொண்டு மூன்று பிள்ளைகளைப் படிப்பித்தவர். இளைய மகன் பேராதனையில் இயந்திரப் பொறியியல் கற்றவன். 2020 இன் இறுதியில், தந்தையார் ஓட்டுவதை விட்டு வண்டி கொட்டிலுள் நின்ற காலத்தில், அதன் எஞ்சினுக்கு டேர்போ பொருத்த வேண்டுமென்ற எண்ணம் அவனுக்கு உண்டாயிற்று. இந்நாட்டில் மொறிஸ் மைனரின் எஞ்சினைக் கழற்றி ஒதுக்கிவிட்டு ஜப்பானிய எஞ்சினொன்றை அதனுள் இருத்துவோர் பலர். அது எளிது, பெரும்பாலும் பயனுடையதுங்கூட. ஆனால் அவ்வாறு செய்தபின் எஞ்சியிருப்பது மொறிஸ் மைனரின் தகடு மட்டுமே என்பது மகனின் கட்சி. எஞ்சின் அதுவாகவே இருத்தல் வேண்டும்; மூச்சு மட்டும் பெருகவேண்டும். தந்தையாரின் கட்சி இதனினுஞ் சுருக்கமானது: “ஓடுகிற எஞ்சினிலை கை வைக்காதை, தம்பி.”

மூச்சு என்பது இங்கு வெறும் உவமையன்று. எஞ்சினின் வலு அது எரிக்கக்கூடிய எரிபொருளின் அளவிலும், அவ்வளவு அது உள்ளிழுக்கக்கூடிய வளியின் அளவிலும் தங்கியுள்ளது. 948 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுடைய அவ்வெஞ்சின் தானாக இழுக்கும் வளியைக்கொண்டு 37 பரிவலுவே தரும். எரிபொருளின் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கோ புகைக்குழாய் வழியே வீணாகின்றது. சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர் அல்பிரட் பூக்கி 1905 இல் உரிமம் பெற்ற கருத்து இவ்விழப்பையே குறியாகக் கொண்டது. வெளியேறும் வாயு ஒரு சுழலியைச் சுழற்ற, அதே தண்டின் மறுமுனையிலுள்ள விசிறி வெளிவளியை அமுக்கி உருளைகளுக்குள் அனுப்புகின்றது. நிமிடத்துக்கு ஓரிலட்சம் முறைக்கு மேலாகச் சுழலவல்ல அத்தண்டைத் தாங்குவது மெல்லிய ஒயிற் படலமே.

இடர் எங்குள்ளதெனின், அமுக்கப்பட்ட வளி சூடேறுவதில் உள்ளது. 30 பாகை வெப்பமுள்ள வளியைச் சதுர அங்குலத்துக்கு 5 இறாத்தல் மேலதிகமாக அமுக்கினால், சிறு விசிறியின் திறன்குறைவையுஞ் சேர்த்து, அது 70 பாகையளவில் வெளிவரும். அவ்வளி பெற்றோலுடன் கலந்து உருளையுள் மீண்டும் நெருக்கப்படுங்கால், தீப்பொறி மூட்டிய சுவாலை வந்து சேருமுன்னரே ஒரு மூலையிலுள்ள கலவை தானாகவே வெடித்தல் கூடும். கராஜ்காரர் இதனை ‘நொக்கிங்’ என்பர். தமிழில் தட்டல் எனலாம். சிறு சுத்தியலால் இரும்பில் தட்டுவது போன்ற ஓசையே அதற்கு அடையாளம். கடுமையாயின் சிறிது நேரத்திலேயே பிஸ்ரன் வளையங்களைத் தாங்கும் விளிம்பு உடைந்துவிடும். உடைந்த துண்டு உருளைச் சுவரைக் கிழிக்கும். ஆதலின் டேர்போ பொருத்துவோன் முதலிற் செய்யவேண்டியது வலுவைக் கூட்டுவதன்று, குறைப்பது. உருளையின் நெருக்கல் விகிதத்தைத் தாழ்த்தி, பின்னர் வரவிருக்கும் வளிக்கு இடம் ஒதுக்கவேண்டும்.

பெரிய நிறுவனங்களும் இவ்விடத்திற் சறுக்கியுள்ளன. 1962 இல் அமெரிக்காவில் வந்த ஓல்ட்ஸ்மொபைல் ஜெற்பயர், டேர்போ பொருத்தி விற்பனைக்கு வந்த முதற் கார்களுள் ஒன்று. நெருக்கல் விகிதத்தை 10.25 என உயரத்திலேயே வைத்துக்கொண்டு, தட்டலைத் தணிக்க நீரும் மெதனோலுங் கலந்த திரவமொன்றைத் தனித் தாங்கியிலிருந்து உட்செலுத்தினர். வண்டிக்காரர் பலர் அத்தாங்கியை நிரப்புவதை மறந்தனர். இரண்டே ஆண்டுகளில் அவ்வண்டி நிறுத்தப்பட்டது. 1973 இல் பி.எம்.டபிள்யூ தன் 2002 டேர்போவில் விகிதத்தை 6.9 ஆகத் தாழ்த்தியது. பொறியியல் முறைப்படி அது தக்க செயலே. அவ்வாண்டின் எண்ணெய் நெருக்கடி அவ்வண்டியையும் 1672 என்ற எண்ணிக்கையோடு நிறுத்திவிட்டது. இவற்றிலும் மகனுக்கு நெருங்கிய முன்மாதிரி 1982 இல் வந்த எம்.ஜி. மெற்றோ டேர்போ. 1951 இல் ஒஸ்ரின் ஏ30 காருடன் தொடங்கி 2000 வரை உற்பத்தியான அதே எஞ்சின் குடும்பத்தின் 1275 கன சென்ரிமீற்றர் வடிவத்திலிருந்து அது 93 பரிவலுவைப் பெற்றது. குடும்பத்துக்கு அது இயலுமாயின் மூத்த உறுப்பினனுக்கும் ஓரளவு இயலும் என்று அவன் எண்ணினான்.

2021 இன் தொடக்கத்தில், தந்தையார் முற்றாக இணங்காமலும் முற்றாக மறுக்காமலும் இருந்த ஒரு நாளில், எஞ்சினின் ஹெட் கழற்றப்பட்டது. ஹெட்டுக்கும் புளொக்குக்கும் இடையே ஒரு கஸ்கெற் இருப்பதே முறை. அங்கு இரண்டு இருந்தன, ஒன்றன்மேலொன்றாக.

1990 இன் நடுப்பகுதியில் வடக்கிற்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டபின், யாழ்ப்பாணத்து வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின. சிறு போத்தலிலிருந்து சில துளி பெற்றோலைக் காபரேற்றருள் விட்டு எஞ்சினைத் தொடக்கி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். வெண்புகை சூழும், கண் எரியும், எரியாது எஞ்சிய மண்ணெண்ணெய் உருளைச் சுவர்வழியே இறங்கி ஒயிலை நீர்த்துப்போகச் செய்யும். இவையனைத்தையும் பொறுக்கலாம், பொறுக்கவியலாதது தட்டல். மண்ணெண்ணெயின் ஒக்ரேன் பெறுமானம் பெற்றோலினதிலும் மிகத் தாழ்ந்தது. நெருக்கினால் தானே வெடிக்கும் இயல்பினது. 1991 இல் ஊர் மெக்கானிக் ஒருவரின் யோசனைப்படி தந்தையார் இரண்டாவது கஸ்கெற்றை இடுவித்தார். பின்னர் பெற்றோல் வந்தது. கஸ்கெற்றை எடுக்க எவருக்கும் தோன்றவில்லை. ஓசையைக் கேட்டு ஓடிய அந்த ஆண்டுகளைப்பற்றி அவர் அன்று கூறியது இவ்வளவே: “பெரியாஸ்பத்திரிக்கு ஆளை ஏத்திக்கொண்டு போகேக்கை தட்டத் தொடங்கினால் நான் காலை எடுப்பன். மெதுவாத்தான் போவம். ஆனாப் போய்ச் சேருவம்.”

மகன் கணக்கிட்டான். ஒவ்வோர் உருளையும் 237 கன சென்ரிமீற்றர் கொண்டது. தொழிற்சாலை விகிதமாகிய 8.3 இற்கு, பிஸ்ரன் உச்சத்தில் நிற்கும்போது அதன்மேல் எஞ்சும் வெளி 32.5 கன சென்ரிமீற்றர். அவன் நாடிய 7.3 இற்கு அது 37.6 ஆதல் வேண்டும். வேறுபாடு 5 கன சென்ரிமீற்றர். அஃதாவது ஒரு தேக்கரண்டி. மேலதிகக் கஸ்கெற் தந்த வெளியோ ஏறத்தாழ 3.5. அவன் தாளில் வரைந்து வைத்த மாற்றத்தின் மூன்றிலிரண்டு பங்கு முப்பது ஆண்டுகளாக அவ்வெஞ்சினுள் இருந்துவந்துள்ளது. தொழிற்சாலையிலிருந்து வந்தவாறே பேணப்பட்டது என்று தந்தையும், தன் கைதான் முதலிற் படுகின்றது என்று மகனும் கொண்டிருந்த எண்ணங்கள் இரண்டும் அன்று பொய்த்தன.

எனினும் அவ்விரு கஸ்கெற்றுகளையும் அவ்வாறே விடுதல் இயலாது. டேர்போவின் அமுக்கத்தில் அவ்விணைப்பே முதலில் விட்டுக்கொடுக்கும். ஆகவே அந்த இடம் இருக்க, அது இருக்கும் இடம் மாறவேண்டியதாயிற்று. பாதியைப் பிஸ்ரன்களின் முகட்டில் ஒரு மில்லிமீற்றர் ஆழப் பள்ளமாகக் கடைந்தும், மீதியை ஹெட்டின் எரியறைச் சுவர்களை அராவியும் பெற்றான். அராவும் வேலை இரண்டு மாதத்துச் சனி ஞாயிறுகளை உண்டது. நான்கு அறைகளும் சமமாயிருத்தல் வேண்டுமாதலால், துளையிட்ட கண்ணாடித்தாட் பலகையைக் கிறீஸ் பூசி அறைமேல் ஒட்டி, அளவியிலிருந்து துளித்துளியாகத் திரவம் விட்டு அளந்தான். இரசாயனவியற் கூடத்தில் அமிலம் விட்ட அளவி. விட்ட திரவம் மண்ணெண்ணெய். இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யாது மூலைமுடுக்கெல்லாம் பரவுவதால் அதுவே இவ்வேலைக்கு ஏற்றது.

டேர்போ கொழும்பு பஞ்சிகாவத்தையிற் கிடைத்தது. 660 கன சென்ரிமீற்றர் ஜப்பானியச் சிறுகாரொன்றிலிருந்து கழற்றியது. 64 பரிவலுவுக்கென அமைந்த அச்சிறு விசிறி இவ்வெஞ்சினுக்குப் போதியதிலும் அதிகம். அதனைப் பொருத்துதல் எளிது, அதற்குப் பணிவிடை செய்தலே கடினம். வளி காபரேற்றருக்கூடாகவே அமுக்கப்படுவதால், அதன் மிதவை அறையும் அதே அமுக்கத்தை உணர்தல் வேண்டும். இன்றேல் பெற்றோல் வருவதற்குப் பதிலாகப் பின்வாங்கும். பழைய மின் பம்பி அதற்கு எதிராகத் தள்ளும் வலியற்றது; மாற்றப்பட்டது. டேர்போவிலிருந்து ஒயில் திரும்பும் குழாய் எங்கும் மேலேறாது சம்பை நோக்கிச் சரிந்தே இறங்கவேண்டும். ஓடி நின்றவுடன் எஞ்சினை நிறுத்தினால் சூடான தண்டிலே ஒயில் கருகிப் படியும். ஆகவே ஒரு நிமிடமாவது சும்மா ஓடவிட வேண்டும். இவ்வொரு விதியைமட்டும் தந்தையார் மறுபேச்சின்றி ஏற்றார்.

2022 இல் எரிபொருளின்றி நாடே வரிசையில் நின்றபோது வேலையும் நின்றது. அவ்வாண்டு மண்ணெண்ணெய்க்குங்கூட வரிசை இருந்தது.

2024 இல், நண்பகல் வெயிலில், சங்குப்பிட்டிப் பாலத்தை நோக்கிய நேர்ப்பாதையில் வண்டி முதன்முறையாக முழு அமுக்கத்துக்கு விடப்பட்டது. மேடென்று கூற ஏதுமற்ற குடாநாட்டில் இத்தனை வலு எதற்கென்பது நியாயமான வினாவே. மகனின் சொந்த மதிப்பீட்டின்படி கிடைத்தது 45 பரிவலு அளவில். 1962 இல் தொழிற்சாலை 1098 கன சென்ரிமீற்றர் எஞ்சினை இட்டு, இவ்வளவு பாடின்றியே 48 தந்துவிட்டது. இக்கணக்கை அவன் மறைக்கவில்லை.

அமுக்கமானி 5 இறாத்தலைக் காட்டி நின்ற வேளையில், பக்கத்திருக்கையில் இருந்த தந்தையார் கையை உயர்த்தினார்.

“தட்டுது. காலை எடு.”

“எனக்கொண்டும் கேக்கேல்லை, ஐயா.”

“உனக்குக் கேக்காது.”

வீடு திரும்பியபின், எஞ்சின் ஆறியதும், மகன் தீப்பொறிச் செருகிகளைக் கழற்றி உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்கினான். ஓரத்து இரண்டும் தூய்மையாக இருந்தன. நடு இரண்டின் வெண்பீங்கானில் மிளகுத்தூள் தூவினாற்போன்ற நுண்புள்ளிகள் தென்பட்டன. பிஸ்ரன் முகட்டிலிருந்து தெறித்த அலுமினியம். இவ்வெஞ்சினில் நடு உருளைகள் இரண்டும் ஒரே வெளியேற்று வாயிலைப் பகிர்வதால் அவ்விடமே கூடிய வெப்பமுடையது. இன்னுஞ் சில மைல் அவ்வாறு ஓடியிருப்பின், முன்னரே இருமுறை போர் அடித்துச் சுவர் மெலிந்த அப்புளொக் மிஞ்சியிருக்குமோ என்பது ஐயத்துக்குரியது.

அவன் தீப்பற்றும் நேரத்தை இரண்டு பாகை பின்தள்ளி, அமுக்கத்தை 4 இறாத்தலாகக் குறைத்தான். அடுத்த ஓட்டத்தில் ஓட்டியவன் அமுக்கமானியைப் பாராது, பக்கத்திலிருந்தவர் முகத்தையே அடிக்கடி பார்த்துக்கொண்டான். அவர் கையை உயர்த்தவில்லை. செருகிகளிலும் புள்ளிகள் இல்லை.

வெள்ளிக்கிழமைகளில் இருவரும் அவ்வண்டியிலேயே நல்லூருக்குச் செல்கின்றனர். வீதி நெரிசலில் அமுக்கமானியின் முள் பூச்சியத்தைவிட்டு அசைவதில்லை. திரும்பிவந்து கொட்டிலுள் நிறுத்தியபின் எஞ்சின் ஒரு நிமிடம் ஓடுகின்றது. டேர்போ சூடேறாத அந்நாட்களில் அதற்கு அவசியமில்லையென்று மகன் பலமுறை கூறியும், தந்தையார் இறங்குவதில்லை.