ஜீப் வர்றதுக்குள்ள ஒரு தோசை

முதல் வருஷம் ஹாஸ்டல்ல "உங்க வீட்ல காலைல என்னடா டிபன்?"னு ஒருத்தன் கேட்டப்ப, "பேன்கேக் மாதிரி ஒண்ணு"ன்னு சொல்லித் தொலைச்சேன். அது வெல்ல தோசை நண்பா. சொல்லக் கூச்சம், அவ்வளவுதான்.

எங்க ஊர் போடிநாயக்கனூர். அம்மா ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போறவங்க. விடியுமுன்னே ஜீப் வந்துடும். போடிமெட்டு ஏறி, 17 கொண்டை ஊசி வளைவைத் தாண்டி, கேரளாப் பக்கம் வேலை. ஏலக்காய் செடியின் உச்சியில் காய்க்காது. தூரில், தரையை ஒட்டிக் காய்க்கும். அதனால் நாள் முழுக்கக் குனிந்தே இருக்கணும். ஸ்பைசஸ் போர்டு மின்னணு ஏலத்தில் மூட்டை மூட்டையாகக் காய் விலைபோகிற எங்க ஊர்ல, அம்மா வீட்டுக்கு ஏலக்காய் வாங்குவது பலசரக்குக் கடையில், பத்து ரூபாய் பாக்கெட்.

வெல்ல தோசைக்கு ஆட்ட வேண்டாம், புளிக்க வைக்க வேண்டாம். ஆறினாலும் மெத்துனு இருக்கும். இந்த 'ஆறினாலும்' என்பதை இத்தனை வருஷமாக நான் யோசிச்சதே இல்லை. எனக்குக் கல்லிலிருந்து நேராகத் தட்டுக்கு வரும். அவங்களுக்கு டிபன் டப்பாவில், மலையில், குளிரில்.

போன டிசம்பர் லீவில் நாலு மணிக்கு அலாரம் வெச்சு எழுந்தேன். நீங்களும் செய்து பாருங்க: ஒரு டம்ளர் கோதுமை மாவு, அரை டம்ளர் கேழ்வரகு மாவு (100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம், குனிந்து நிமிர்கிற எலும்புக்கு நல்லது), முக்கால் டம்ளர் மண்டவெல்லம் கரைத்து வடிகட்டியது, கனிந்த வாழைப்பழம் ஒண்ணு, சிட்டிகை உப்பு. ஏலக்காய் நாலு. வாசனை எண்ணெய் விதையில்தான் இருக்கு, சீக்கிரம் பறந்துடும். அதனால் கலக்குகிற நேரத்தில் தட்டுங்க. தோலை டீயில் போடுங்க. மாவு இருபது நிமிஷம் ஊறட்டும், தவிடு தண்ணி குடிக்கணும்.

முதல் தோசை கரி. வெல்லம் சட்டுனு கருகிடும், தீயைக் குறைக்கணும்னு தெரிய ஒரு தோசை செலவு. ரெண்டாவது ஓரமெல்லாம் மொறுமொறு.

"ஏய்யா, உனக்கெதுக்கு இந்த வேலை?" என்றவங்களை உட்கார வெச்சு, நெய் விட்டுக் கொடுத்தேன். ஒரு வாய் பிட்டாங்க. "சூடா இருக்குய்யா"ன்னாங்க, ஏதோ புதுசாச் செய்த பலகாரம் மாதிரி.

தெருமுனையில் ஹாரன். அடுத்ததைக் கையிலேயே சுருட்டிக்கிட்டு ஓடினாங்க. டப்பா திண்ணையில் மறந்து கிடந்தது. எடுத்துக்கிட்டு ஜீப் பின்னால் நான் ஓடினேன்.