நிற்பவருக்கு நாற்காலி, உட்கார்ந்தவருக்குப் படிக்கட்டு

சுவர் இருந்தால்தான் சித்திரம் என்பார்கள். ஊழியரின் உடம்புதான் நிறுவனத்தின் சுவர். ஆனால் லாப நஷ்டக் கணக்கில் அந்தச் சுவருக்கென்று ஒரு வரி கிடையாது. அது இடியும்போதுதான் விடுப்பு, மருத்துவச் செலவு, மாற்று ஆள் தேடும் செலவு என்று வேறு வேறு பெயர்களில் கணக்கில் ஏறுகிறது.

வேலைக்கும் உடம்புக்கும் உள்ள தொடர்பை உலகத்துக்குக் காட்டியது ஒரு பஸ். லண்டன் மாடி பஸ்ஸில் டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பார். கண்டக்டரோ டிக்கெட் கொடுக்க மாடிக்கும் கீழுக்கும் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார். ஜெரி மாரிஸ் என்ற மருத்துவரின் குழு இந்த இரு தரப்பையும் ஒப்பிட்டு 1953-ல் லான்செட் இதழில் எழுதியது. கண்டக்டர்களுக்கு இதய நோய் குறைவு. வந்தாலும் பிந்திய வயதில், கடுமை குறைந்து வந்தது. பிறகு சீருடை அளவுகளையும் எடுத்துப் பார்த்தார்கள். டிரைவர்களின் இடுப்பளவு பெரிதாகத்தான் இருந்தது! ஆகவே எல்லாப் புகழும் படிக்கட்டுக்கே என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் உடலசைவு இதயத்துக்கு நல்லது என்பதைப் பின்னால் வந்த ஆய்வுகள் உறுதி செய்துவிட்டன.

இதையெல்லாம் பார்த்துப் பெரிய கம்பெனிகள் ஊழியர் நலத் திட்டங்களில் இறங்கின. ஒரு டாலர் செலவழித்தால் மருத்துவச் செலவில் சுமார் 3.27 டாலர் மிச்சம் என்று 2010-ல் அமெரிக்காவில் கேத்தரின் பெய்க்கர், ஸிருய் சாங் உள்ளிட்டோர் பழைய ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்னார்கள். இந்த லாபத்தை யார்தான் விடுவார்கள்?

ஆனால் அதே இருவரும் 2019-ல் வெளியிட்ட நேரடிச் சோதனை வேறு கதை சொன்னது. ஒரு சில்லறை விற்பனை நிறுவனத்தின் 160 கிளைகள், சுமார் 33,000 ஊழியர்கள். குலுக்கல் முறையில் 20 கிளைகளில் மட்டும் திட்டம் நடந்தது. பதினெட்டு மாதம் கழித்துப் பார்த்தால், அந்தக் கிளைகளில் உடற்பயிற்சி செய்வதாகச் சொன்னவர்கள் கூடியிருந்தார்கள். இரத்த அழுத்தம், மருத்துவச் செலவு, விடுப்பு எதிலும் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை.

காரணம் என்ன? இத்தகைய திட்டங்களில் விரும்பிச் சேர்பவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே ஆரோக்கியமானவர்கள். அதனால்தான் பழைய கணக்குகளில் லாபம் பெரிதாகத் தெரிந்தது. தவிர, வகுப்பு எடுத்துவிட்டு வேலை நடக்கும் விதத்தை அப்படியே விட்டால் உடம்பு மட்டும் எப்படி மாறும்?

நம் ஊர் ஜவுளிக்கடைகளையே பாருங்கள். நாள் முழுக்க நின்றுகொண்டே புடவை விரித்துக் காட்டும் பெண்ணிடம் "தினமும் நடங்கள்" என்று சொன்னால் அது கேலி. அவருக்குத் தேவை ஒரு நாற்காலி. தொடர்ந்து நிற்பதால் கால் வீக்கமும் நரம்புச் சுருட்டலும் வருகின்றன. கேரளம் 2018-லும் தமிழ்நாடு 2021-லும் கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று சட்டத்தைத் திருத்தின. நாற்காலி போட்டால் மட்டும் போதாது, வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் அதில் உட்கார்ந்தால் முறைக்காத மேலாளரும் வேண்டும். பாத்ரூம் போக அனுமதி கிடைக்காது என்று பயந்து தண்ணீரே குடிக்காமல் இருப்பவருக்குச் சத்துணவு ஆலோசனை எதற்கு?

கணினி முன் உட்கார்ந்திருப்பவருக்கு மருந்து நேர் எதிரானது. வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலசைவு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஐந்து நாளுக்குப் பிரித்தால் தினம் முப்பதே நிமிடம். ஒரு ஸ்டாப்பிங் முன்னதாக இறங்கி வேகமாக நடப்பது, லிஃப்டை மறந்து படி ஏறுவது, செல்பேசியை நடந்துகொண்டே பேசுவது, சாப்பிட்டபின் ஒரு சுற்று போய் வருவது... இதற்கெல்லாம் ஜிம் கட்டணம் கிடையாது.

நிற்பவருக்கு நாற்காலி, உட்கார்ந்தவருக்குப் படிக்கட்டு. எல்லோருக்கும் தண்ணீர், கழிவறை, நேரத்துக்குச் சாப்பாடு. ஊழியர் நலம் இங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது. இதற்கு ஆகும் செலவு குறைவு. மனசுதான் கொஞ்சம் அதிகம் வேண்டும்!